ஐந்தரை மணி வித்தியாசம்

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மணி ஆறு பன்னிரண்டு என்று போட்டிருந்தது. ரத்தினவேலு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பத்திரண்டு என்றது. திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஆறு பன்னிரண்டுதான், காலை ஆறு பன்னிரண்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுப் பார்த்தாலும் அதேதான். விடிகாலையில் எவன் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறான்? வெளியே விருதுநகர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, எதிர் பரோட்டாக் கடையில் மதியத்துக்கு மாவு அடிக்கிற சத்தம் கேட்கிறது, அருப்புக்கோட்டையே வெயிலில் காய்கிறது, இந்தப் பெட்டிக்கு மட்டும் இப்போதுதான் விடிந்திருக்கிறதாம். எதிரே நாற்காலி நுனியில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சினைமாட்டை நேற்று சாயங்காலத்திலிருந்து காணோம், எந்தத் திசையில் போயிருக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்று பிரசன்னம் பார்க்க வந்திருந்தாள். பிரசன்னத்துக்குப் பிறந்த நேரமெல்லாம் தேவையில்லை, வந்தவர் கேள்வி கேட்கிற அந்த நிமிஷத்துக்குக் கட்டம் போட்டுப் பலன் சொல்வதுதான் அது, அதற்கு ரத்தினவேலுவிடம் ஒரே ஒரு பட்டன் இருந்தது, அமுக்கினால் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைத் தானே பார்த்துக்கொண்டு கட்டத்தைப் போட்டுவிடும். அமுக்கினார். திரை முழுக்கப் பிள்ளையார் படத்தோடு அடைத்துக்கொண்டு நிற்கிற ஜாதக புரோகிராம் படக்கென்று விழுந்து அணைந்தது, அதற்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்து கிடந்த வெறும் திரை தெரிந்தது, அதன் வலது மூலையில் இந்த மணி. மவுஸை நகர்த்தினார், அம்பு அசையவில்லை. விசைகளைத் தட்டினார், பெட்டி மூச்சு விடவில்லை. ஹேங் ஆகிவிட்டது, கொஞ்சம் பொறு என்பது போலச் செல்லத்தாயியிடம் கையைக் காட்டினார்.

பேட்டரி போயிருக்கும், வேறென்ன, உள்ளே ஒரு காசு மாதிரி பேட்டரி இருக்கும், அது செத்தால் மணி கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறான், ஆனால் அந்தப் பேட்டரியை மாற்றி நாலு வருஷம்தானே ஆகிறது, பத்து வருஷம் வரும் என்றானே, தவிரவும் பேட்டரி செத்தால் தேதியும் சேர்ந்தல்லவா கெடும், தேதியைச் சுட்டிப் பார்க்க முடியாமல் பெட்டி உறைந்து கிடக்கிறதே என்று யோசித்துக்கொண்டே ரீசெட் பட்டனைக் குத்தினார். பெட்டி இருமிக்கொண்டு எழுந்தது. கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரி வந்தது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, பத்து எண்ணுவதற்குள் எது வேண்டுமென்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு மேலே உள்ளதற்குள் போய்விடும். மேலே உள்ளது மகள் தேன்மொழியுடையது. கீழே உள்ளது இவருடையது. ஒரு பழைய பெட்டிக்குள் இரண்டு குடித்தனம், ஒரே வாசல், ஒருத்தர் உள்ளே இருக்கும்போது இன்னொருத்தர் வர முடியாது. ஜாதக புரோகிராம் தொண்ணூற்றெட்டில் மட்டும்தான் ஓடும் என்பதால் அதை எடுக்க இவர் விடவில்லை, காலேஜ் பாடத்துக்கு லினக்ஸ் இல்லாமல் முடியாது என்பதால் அதைப் போடாமல் அவள் விடவில்லை. தினமும் காலையில் ரத்தினவேலு கடை திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, ஸ்விட்சைப் போட்டு, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, வரி வந்ததும் கீழம்பு விசையை ஒரு குத்துக் குத்துவார். ஒரு நாளும் மேலே உள்ளதற்குள் போனதில்லை. இப்போதும் குத்தினார். சரியாக மூடாமல் அணைத்துவிட்டாய், டிஸ்கைச் சோதிக்கிறேன் என்று நீலத் திரை வந்து, அடியில் மஞ்சள் கோடு நத்தையாக ஊர ஆரம்பித்தது. இருபது நிமிஷம் ஆகும். செல்லத்தாயி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். ஆறு பன்னிரண்டு. பதினொன்று நாற்பத்திரண்டு. ஆறு பன்னிரண்டுக்கும் பதினொன்று நாற்பத்திரண்டுக்கும் எவ்வளவு? ஆறிலிருந்து பதினொன்று ஐந்து, பன்னிரண்டிலிருந்து நாற்பத்திரண்டு முப்பது. ஐந்தரை. ஐந்து மணி முப்பது நிமிஷம், ஒரு நிமிஷம் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கெட்டுப்போன கடிகாரம் கன்னாபின்னாவென்று ஓடும், இப்படி அளந்து வைத்தாற்போல ஓடாது. இருபத்தாறு வருஷம் மில்லில் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவருக்குக் கடிகாரத்தின் நோய்நொடி தெரியாதா. ஐந்தரை என்ன என்பதும் அவருக்குத் தெரியும், ஐயோ, அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், குழந்தை ஜாதகம் போடுகிற ஒவ்வொரு தடவையும் கேட்குமே, கிரீன்விச்சுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று, பிளஸ் ஐந்து முப்பது என்று அடித்து அடித்துத்தானே அந்த விசைகளில் எழுத்தே அழிந்துபோனது. அப்படியென்றால் பெட்டிக்குள் இருப்பது கிரீன்விச் மணி. இங்கே யார் கொண்டுவந்து வைத்தார்கள் கிரீன்விச் மணியை? கேள்வி முழுசாக முடிவதற்குள் பதில் வந்து நின்றுவிட்டது, பதில் எட்வின் முகத்தோடு வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தி, தை மாசம், தேன்மொழியோடு படித்த அந்தப் பையன் ஒரு சிடியை எடுத்துக்கொண்டு இதே கடைக்கு வந்தான், இதே நாற்காலியில் உட்கார்ந்தான், தொண்ணூற்றெட்டுக்கு ஒரு கீறல் விழாமல் பக்கத்தில் லினக்ஸைப் போட்டுத் தருகிறேன் அங்கிள் என்றான். தேன்மொழி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நின்ற நிற்பே ரத்தினவேலுவுக்குப் பிடிக்கவில்லை. பாதி வேலையில் அவன் கையை எடுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பி, "கடிகாரத்தை யூடிசியில வைக்கவான்னு கேக்குது அங்கிள், கிரீன்விச் நேரம். பழைய விண்டோஸும் கூட இருக்கறதால..." என்று இழுத்தான். அவனை முடிக்கவிட்டாரா? விடவில்லை. கிரீன்விச் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனுஷனுக்குக் குளிர்ந்துவிட்டது, இந்தப் பொடியன் கிரீன்விச்சைப் பற்றி நமக்குச் சொல்ல வந்துவிட்டானே என்று ஒரு சிரிப்புச் சிரித்து, "தாராளமா வைங்க தம்பி, உலகத்துக்கே அடிப்படை மணி அதுதான, நாங்க கணக்கை ஆரம்பிக்கறதே அங்க இருந்துதான்" என்றார். அவன் தேன்மொழியைப் பார்த்தான். பெரியவர் சொல்கிறாரே என்று தலையை ஆட்டிவிட்டு வைத்துவிட்டான். லினக்ஸுக்கு அதிலிருந்து ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளத் தெரியும் போலிருக்கிறது. தொண்ணூற்றெட்டு பாவம், பெட்டி சொன்ன மணியை அப்படியே நம்பி மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. ரத்தினவேலுவும் அதை அப்படியே நம்பி ஓடியிருக்கிறார். நானேதான், என் வாயாலேதான், என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது. என்னய்யா என்றாள் செல்லத்தாயி. ஒன்றுமில்லை என்றார்.

இருக்காது, எங்கேயோ தப்பாக யோசிக்கிறேன், மூன்று வருஷம் ஒருத்தனுக்குத் தெரியாமலா போகும் என்று மேசை டிராயரை இழுத்துப் பிரசன்னக் கட்டுகளை எடுத்தார். மேலே இருந்த தாள்: முந்தாநாள், பட்டா விஷயம் கேட்டு வந்தவர். லக்னத்தில் சூரியன். அடுத்தது, பையனுக்கு போலீஸ் வேலை, லக்னத்தில் சூரியன். அடுத்தது லக்னத்தில் சூரியன். அதற்கடுத்தது, காணாமல் போன சைக்கிள், லக்னத்தில் சூரியன். சூரியன் உதிக்கிற நேரத்தில்தானே லக்னத்தில் இருப்பான், உச்சி நேரத்தில் பத்தாமிடத்தில் தலைக்கு மேலே அல்லவா நிற்க வேண்டும், கட்டம் போடக் கற்றுக்கொள்கிற முதல் வாரத்திலேயே புத்தகத்தில் வந்துவிடுகிற விஷயமாயிற்றே அது. கடையைத் திறப்பதே பதினோரு மணிக்கு, பிரசன்னம் பார்ப்பது உச்சி வரைதான். பதினோரு மணிக்கு வருகிறவனுக்கெல்லாம் சூரியன் எப்படி லக்னத்தில் வந்து உட்காருவான்? புரோகிராம் மணியை மணியாகவும் அச்சடிக்காது, உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்றுதான் அடிக்கும், அதுவும் இதோ இருக்கிறது, நாழிகை ஒன்று, நாழிகை இரண்டு, நாழிகை ஒன்றரை, பதினான்கு என்று இருக்க வேண்டிய இடத்தில். கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது. பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று கூடச் சொல்ல முடியாது, அதைவிட மோசம், பார்த்தார், பார்த்துப் பெருமைப்பட்டார். நம்ம கடை ராசி அப்படி, யார் வந்தாலும் சூரியன் லக்னத்தில் நிற்கிறான் என்று பரோட்டாக் கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சூரியன் லக்னத்தில் என்றால் திசை கிழக்கு. அப்படியானால் மூன்று வருஷமாக இந்த ஊரில் காணாமல் போன சைக்கிள், மோதிரம், ஆடு, வீட்டைவிட்டுப் போன புருஷன், அத்தனை பேரையும் கிழக்கே போய்த் தேடச் சொல்லியிருக்கிறார். நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வர வேண்டும், ரத்தினவேலுவுக்கு வரவில்லை. இதில் இன்னொன்று, பாதிப் பேர் திரும்பி வந்து நீங்கள் சொன்னபடியே நடந்தது என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதோ எதிரே இருக்கிறாளே, இவளுடைய கம்மல் தொலைந்தபோது கிழக்கே என்றார், கிழக்கே அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது. தப்பான மணிக்குப் போட்ட கட்டம் சரியாகப் பலித்தது என்றால் அப்போது சரியான மணி எதற்கு, கட்டம் எதற்கு, இந்தக் கடை எதற்கு, நான் எதற்கு? சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடித்தார், பாதி சட்டையில் சிந்தியது. மஞ்சள் கோடு இன்னும் பாதியைத் தாண்டவில்லை. மில்லில் ஒருத்தன், காளிராஜ் என்று பேர், ஸ்பின்னிங்கில் வேலை, ஆறு நிமிஷம் லேட் என்று அரை நாளை வெட்டியபோது கேட்டுக்கு முன்னால் நின்று அழாத குறையாகச் சொன்னான், உங்க கடிகாரம் முந்துது சார் என்று. கடிகாரம் சொல்றதுதான்டா மணி என்று ஜன்னலைச் சாத்தினார். அவன் ஏன் இப்போது வருகிறான், அவனை நினைத்து என்ன ஆகப்போகிறது, நினைக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அது கட்டுக்கு அடியில் இருக்கிறது, கையை அங்கே கொண்டுபோகாமல் காளிராஜைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறது மனசு. ரத்தினவேலுவுக்கு அது தெரிந்துதான் இருந்தது. கை தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது, வேண்டாம் வேண்டாம் என்று அவர் நினைக்க நினைக்கத் தள்ளிக்கொண்டே போனது.

அடியில் அந்தத் தாள் இருந்தது, லினக்ஸ் போட்ட அதே தை மாசத்துத் தாள். ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு நாள், ஆனாலும் திறந்தார், தேன்மொழிக்காகத் திறந்தார். முந்தின ராத்திரிதான் அவள் அம்மா தமயந்தி சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எட்வினைக் கட்டிக்கிறேன் என்கிறாள், நீங்களே பேசுங்கள் என்று சொல்லியிருந்தாள். ரத்தினவேலு சத்தம் போடவில்லை, அதில் அவருக்கு ஒரு பெருமை, ஊரில் மற்ற அப்பன்மாரைப் போலக் கத்தவில்லை, வேற ஆளுகளாயிற்றே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையனுக்கு ஜாதகமே கிடையாதே, அவர்கள் சர்ச்சில் பேர் எழுதுவார்கள், நேரம் எழுதுவார்களா, பொருத்தம் பார்க்க வழியில்லை, ஆகவே பிரசன்னம் பார்த்துவிடுவோம், என் இஷ்டமும் வேண்டாம் உன் இஷ்டமும் வேண்டாம், கிரகம் சொல்லட்டும் என்றார். நியாயமாகத்தானே சொன்னார்? சாயங்காலம் ஐந்து ஐம்பது. நோட்டில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மில் பழக்கத்தில் நிமிஷம் பிசகாமல். தேன்மொழி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள், பச்சைத் தாவணி, கையில் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பட்டனை அமுக்கினார். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று அடித்துத் தள்ளியது. மேஷ லக்னம், கல்யாண இடமான ஏழுக்குடைய சுக்கிரன் எட்டில், விருச்சிகத்தில் போய் மறைந்து கிடக்கிறான். கூட்டு நிலைக்காது, பிரிவினை, கண்ணீர் என்று அடியில் பலனும் போட்டிருந்தது. "வேண்டாம்மா" என்றார். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை, ரப்பர் பேண்ட் அறுந்து விழுந்ததை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து ஐம்பதுக்கு. அதாவது பெட்டிக்குள் மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு. யாருமே மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்குக் கேட்காத கேள்விக்கு வந்த பதிலை எடுத்து என் பிள்ளை தலையில் கட்டியிருக்கிறேன். அந்த வருஷமே கோயம்புத்தூரில் வேலை வாங்கிக்கொண்டு போனவள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிறாள், வந்தால் ஒரு மணி நேரம் கடையில் தன் பக்கத்தைத் திறந்து எதையோ பார்க்கிறாள், ஞாயிறு ஞாயிறு போன் பண்ணி அம்மாவோடு பேசுகிறாள், அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டு வைக்கிறாள். வருகிற வரனையெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளுகிறாள். போன வருஷம் வைகாசியில் எட்வினுடைய கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது, இந்தக் கடை விலாசத்துக்கு, இவர் பேரில், மரியாதையாக ஒரு வார்த்தை கையால் எழுதி. அன்று அதைப் பார்த்துப் பரவாயில்லை நல்ல பையன் என்று நினைத்த மனுஷன் இன்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது, அதை மனசு தொட்டுத் தொட்டு விலகியது. அந்தத் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும், எட்டில் சுக்கிரன் என்று கண்ணில் பட்டதும், மார்புக்குள்ளே ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்ததே, அது என்ன? அது எந்தக் கிரகம்?

நீலத் திரை போய்விட்டது. பிள்ளையார் வந்துவிட்டார். முடிஞ்சிருச்சாய்யா என்று செல்லத்தாயி முன்னால் நகர்ந்தாள். இரு தாயி என்றார். ஜாதகப் பக்கத்தைத் திறந்தால் எந்தத் தேதிக்கும் எந்த மணிக்கும் கட்டம் போடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியை அடித்தார். மாலை ஐந்து ஐம்பது என்று அடித்தார். பிளஸ் ஐந்து முப்பது என்று, எழுத்தழிந்த விசைகளைத் தடவி அடித்தார். இனி ஒரு தட்டு. தட்டினால் தெரிந்துவிடும், அன்றைக்கு உண்மையிலேயே கிரகம் என்ன சொன்னது என்று. வேண்டாம் என்றே வந்தால்? வந்தால் தப்பித்தேன், கடிகாரம் எப்படி ஓடியிருந்தாலும் பலன் ஒன்றுதான் என்று நிம்மதியாகப் போய்ச் சாப்பிடலாம். கட்டிவை என்று வந்தால்? அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தைகூட இருக்கும். விரல் விசைமேல் இருந்தது, அதற்குள் பாழாய்ப்போன மூளை தானாகவே போட ஆரம்பித்தது, தை மாசம் சூரியன் மகரத்தில், சாயங்காலம் என்றால் அவன் இறங்கிக்கொண்டிருப்பான், லக்னம் எதிர்ப்பக்கம், மிதுனமா கடகமா, மிதுனம் என்றால் ஏழுக்குடையவன் குரு, குரு அந்த வருஷம் எங்கே, குரு... ரத்தினவேலு பயந்துபோய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் நகைக்கடைப் பேரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். செல்லத்தாயி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிட்டால்தான் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, சொல்லி இனி எதைத் திருப்ப முடியும், தூங்குகிறவளை எழுப்பி உன் வீடு மூன்று வருஷத்துக்கு முந்தி எரிந்துவிட்டது என்று சொல்வதா? ஆனால் சொல்லாமல் வருகிற தீபாவளிக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது, அவள் இலையில் கறியை எப்படி எடுத்து வைப்பது. விசையிலிருந்து விரலை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். எடுத்தபிறகும் போடவில்லை, போட்டபிறகும் மணி இரண்டு தடவை அடித்ததுமே அணைத்துவிட்டார், அணைத்த அடுத்த நிமிஷம் அவளே திருப்பிக் கூப்பிட்டாள். வேலை நாளில் அப்பா போனிலிருந்து வந்த அழைப்பல்லவா. எடுத்ததுமே அம்மாவுக்கு என்ன என்றாள், குரல் பதறியது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை என்று ரத்தினவேலு நாலைந்து தடவை சொன்னார்.

"கடைக் கம்ப்யூட்டர்ல மணி தப்பா ஓடுது தேனு" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடுவதும், வர்றேன் என்று அவள் சொல்வதும், ஒரு கதவு சாத்துவதும் கேட்டது.

"அஞ்சரை மணியாப்பா?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாரா, கேட்க நினைத்தாரா என்று பிறகு அவருக்கு நினைவில்லை.

"லினக்ஸ் போட்ட மறுநாளே தெரியும். அந்தப் பக்கத்துல ஒரு மணி, உங்க பக்கத்துல ஒரு மணி. ஒரு வரி மாத்தினா சரியாயிரும், நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கி மாத்தலாம்னு இருந்தேன்."

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை..."

"அன்னிக்கும் தெரியும்ப்பா."

சொல்லியிருக்கலாமே தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவருக்குக் குரல் உடைந்தது. செல்லத்தாயி நாகரிகமாக ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தேன்மொழி அழவில்லை, கோபப்படவில்லை, ரொம்ப நாளைக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்ட ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். மெஷினைக் கேட்பதற்கு முன்னால் அப்பா தன்னை ஒரு வார்த்தை கேட்பார் என்று கதவோரமாக நின்றாளாம். கேட்காமல் பட்டனை அமுக்கிவிட்டார். அப்புறமாவது சொல்லலாம் என்று வாயெடுத்தாளாம்.

"மணியைச் சரி பண்ணிப் போட்டு, அப்பவும் வேண்டாம்னு வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். தப்பான மணின்னா, அது தப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டாவது இருக்கலாம்ல." என்றாள். "அதுவும் இல்லப்பா. அந்தப் பேப்பர் வந்ததும் நான் பேப்பரைப் பாக்கல. உங்க மொகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் மணி எதுவா இருந்தா என்னன்னு போயிருச்சு."

அப்பாடா என்று உட்கார்ந்த அந்தக் கிரகத்தை இவள் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டே பார்த்திருக்கிறாள், அவருக்கே மூன்று வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது. இப்போது சரியான மணி போட்டுப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். சத்தியமாக இல்லை என்றார். பார்த்தால் எனக்குச் சொல்லாதீர்கள் என்றாள். வைக்கப் போகிறவள் ஏதோ ஞாபகம் வந்தாற்போல, அங்கே நீங்களாக மணியை மாற்றிவிடாதீர்கள், உங்கள் பக்கம் சரியானால் என் பக்கம் ஐந்தரை மணி முன்னால் ஓடிவிடும், தீபாவளிக்கு வரும்போது நானே ஒரேயடியாகச் சரிபண்ணித் தருகிறேன் என்றாள். வெயிலில் சுத்தாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என்னய்யா சொல்லுது, எந்தத் திசையாம் என்று செல்லத்தாயி மெதுவாகக் கேட்டாள், அவளுக்கு இவர் முகத்தைப் பார்த்தே மாடு செத்துப்போய்விட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். ரத்தினவேலு திரையைப் பார்த்தார், அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து ஐம்பதும் தட்டக் காத்துக்கொண்டு நின்றன. அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நீ என்ன நினைக்கிற தாயி? எங்க போயிருக்கும்?"

"மேக்கேதான் போயிருக்கும்" என்றாள் அவள், ஒரு நொடி யோசிக்கவில்லை. "பாலவனத்தத்துல ஒரு வீட்டுல வாங்குன மாடு. கண்ணு போடப்போறது பழைய வீட்டைத் தேடிப் போகும்ல."

அப்படியென்றால் பாலவனத்தத்துக்குப் போ என்றார். இது தெரிஞ்சா நான் எதுக்குய்யா உங்ககிட்ட வந்தேன் என்று அவள் பாதி சிரிப்பும் பாதிக் கோபமுமாக எழுந்தாள். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று ரத்தினவேலு சொன்னார், அது அவளுக்குக் கேட்டிருக்காது, விருதுநகர் பஸ் வந்துவிட்டது என்று செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடினாள். பாலவனத்தத்தில் அந்தப் பஸ் நிற்கும்.

கடையில் ரத்தினவேலுவும் பெட்டியும் மட்டும் இருந்தார்கள். இப்போது தட்டலாம், யாரும் இல்லை, தேன்மொழியிடம் சொல்லாவிட்டால் போகிறது, தனக்காவது தெரிந்துகொள்ளலாம். விரல் விசைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அந்த விசையை விட்டுவிட்டு, இந்தத் தடவை முறையாக, படிப்படியாக மூடி, பெட்டியைத் திருப்பி எழுப்பினார். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து ஐம்பதும் போயின. கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. மேலே அவளுடையது, கீழே இவருடையது. பத்து, ஒன்பது என்று எண் இறங்கியது. பழக்கத்தில் கை கீழம்புக்கு நகர்ந்தது, ரத்தினவேலு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இன்னொரு கையால் பிடித்தும்கொண்டார். நான்கு, மூன்று. பெட்டி அவளுடைய பக்கத்துக்குள் போனது. ஏதேதோ வெள்ளை எழுத்து ஓடி, கடைசியில் மண் நிறத்தில் ஒரு திரை அமைதியாக வந்து நின்றது, நடுவில் தேன்மொழி என்று பேர், அதற்கு மேலே மணி. பன்னிரண்டு பதினேழு. ரத்தினவேலு சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு பதினேழு. ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. மூன்று வருஷமும் இதே பெட்டிக்குள் இந்தப் பக்கம் மணி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பேருக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. அது அவருக்குத் தெரியாது.